மஞ்சள் பெட்டியில் விழுந்த வாக்கு

சேதுச் சீமையின் அரசியல் கதை – வரலாற்றுத் தொடர் – பகுதி 11

முன்கதை: ஒரு சாதியில் பிறந்ததையே குற்றமாக்கிய 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைச் சீமைக்குள் நுழைந்ததைப் பார்த்தோம். விரல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். 1929-ல் அதே சட்டம் ஆப்பநாட்டின் 19 கிராமங்கள்மீது பாய்ந்தது. பசும்பொன்னைச் சேர்ந்த முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். பட்டியலில் இருந்த சுமார் 2,000 பெயர்கள் 341 ஆகக் குறைந்தன. சட்டம் மட்டும் போகவில்லை.

இனி...

* * *

இரண்டு சீட்டு, இரண்டு பெட்டி

1957. நாட்டின் இரண்டாவது பொதுத்தேர்தல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் டெல்லிக்கென்று இரண்டு ஓட்டு. அது அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, இன்னோர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது.

பெயர்ப் பட்டியலில் முத்திரை குத்தும் வழக்கம் அன்று வரவில்லை. திரைக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாமல் போகும்.

பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரஸின் ஆர்.எஸ். ஆறுமுகம் வென்றிருந்தார். பொது இடத்தில் வென்றவர் உ. முத்துராமலிங்கத் தேவர், பார்வர்டு பிளாக்.

ஐந்து வருடம் முன்புதான், 1952-ல், இதே ஸ்ரீவில்லிபுத்தூர் காமராஜரை டெல்லிக்கு அனுப்பியிருந்தது. 1954 ஏப்ரலில் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். அவர் அமர்ந்திருந்த இடத்துக்கு அடுத்த பொதுத்தேர்தலில் அந்தத் தொகுதி தேர்ந்தெடுத்தது, காங்கிரஸைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டு, பிறகு அதே காங்கிரஸை எதிர்த்து நின்ற ஒருவரை.

இருவரும் ஒரே ஜில்லாக்காரர்கள். விருதுநகர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, முதுகுளத்தூர் எல்லாம் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவுக்குள் அடக்கம். 1930-களின் பிற்பகுதியில் இருவரும் பிடித்தது ஒரே கொடி. ஒருவர் அந்தக் கொடியோடு கோட்டைக்குப் போனார். மற்றவர் வெளியே வந்தார்.

ஏன் வந்தார்?

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்மீது வைத்த பக்தி என்று ஒரே வரியில் பதில் சொல்வது எளிது. பாதி உண்மையும் அதில் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேட வேண்டுமென்றால் இருபத்தொரு வருடம் பின்னால், ராஜபாளையத்துக்காரர் ஒருவர் அமர்ந்த ஒரு நாற்காலிக்குப் போக வேண்டும்.

* * *

விட்டுக்கொடுத்த நாற்காலி

1936. பர்மா போய்த் திரும்பியிருந்தார் தேவர். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை.

காங்கிரஸ் அவருக்குப் புதிதில்லை. 1927-ல் சென்னைக்குப் போனபோதே எஸ். சீனிவாச ஐயங்காரின் பழக்கம் கிடைத்திருந்தது. அந்த வருடம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையும் கண்ணால் பார்த்தவர். ஆனால் முழுமூச்சாகக் கட்சி வேலையில் அவர் இறங்கியது 1936-ல்தான்.

காரணம் தெளிவானது. மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. 1934-ல் அபிராமத்தில் மாநாடு கூட்டி, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுங்கள் என்று கேட்டாயிற்று. வரதராஜுலு நாயுடு உள்ளிட்டவர்களோடு குழு அமைத்து முறையிட்டாயிற்று. சட்டத்தை எடுக்கவில்லை, மேலும் பல ஊர்களுக்கு நீட்டினார்கள். நீதிக்கட்சி எடுக்காததை எடுக்கக்கூடிய ஒரே கட்சி காங்கிரஸ் என்று அவர் நம்பினார். அவர் பேச்சைக் கேட்ட கிராமங்களும் நம்பின.

ஜில்லா போர்டு தேர்தல் வந்தது. முதுகுளத்தூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். அடுத்தது போர்டின் தலைவர் பதவி.

இன்றைக்கு ஜில்லா போர்டு என்றால் பலருக்குப் புரியாது. அந்தக் காலத்தில் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கிராமத்தானின் அன்றாடத்தைத் தொட்ட அதிகாரம் அதுதான். சென்னைக் கோட்டை தூரத்தில் இருந்தது, ஜில்லா போர்டு வாசலில் இருந்தது.

அந்தப் பதவியை விரும்பியவர்கள் காங்கிரஸிலேயே இருவர். ஒருவர் தேவர். மற்றவர் ராஜபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா, தேவரைவிடப் பத்து வயது மூத்தவர். ராஜபாளையம் அப்போது பருத்தியையும் நூலையும் நம்பி வேகமாக வளர்ந்துவந்த ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதும் இதே 1936-ல்தான்.

மேற்கே கரிசலும் பஞ்சாலையும், கிழக்கே கண்மாயை நம்பிய வானம் பார்த்த பூமி. ஒரே ஜில்லாவின் இரு முனைகள் ஒரே நாற்காலிக்கு நின்றன. மோதினால் நீதிக்கட்சிக்குக் கொண்டாட்டம்.

காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சத்தியமூர்த்தி நடுவில் வந்தார். பேசிச் சமாதானம் செய்தார்.

தேவர் விலகினார். அதோடு நிற்கவில்லை. குமாரசாமி ராஜாவைத் தலைவராக்கும் தீர்மானத்தைத் தானே முன்மொழிந்தார். ராஜா ஜில்லா போர்டு தலைவரானார்.

கட்சிக்குள் ஒருவர் எவ்வளவு ஆழமாக நம்பிக்கை வைத்திருக்கிறார் என்பதை அவர் எதைப் பெற்றார் என்று பார்த்து அளக்க முடியாது. எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்க்கலாம். 1936-ல் தேவர் விட்டுக்கொடுத்தது சிறியதில்லை. பின்னாளில் வந்த கசப்பையெல்லாம் பதவி ஆசை என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்காலியை விட்டுக்கொடுக்க முடிந்த அவரால் வேறொன்றை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

* * *

விரலில் ஒட்டிய மை

அது என்ன என்று புரிய, ஒரு கிராமத்து இரவைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின்கீழ் ஒரு சாதி அறிவிக்கப்பட்டால், போலீஸ் ஊருக்கு வந்து பெயர் எழுதும். எழுதியதும் விரல்களில் மை தடவி, காகிதத்தில் உருட்டி எடுப்பார்கள். அதனால்தான் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரை என்பது சர்க்கார் சொன்ன பெயர், ரேகை என்பது அனுபவித்தவர்கள் சொன்ன பெயர்.

அவன் திருடினானா? யாரும் கேட்கமாட்டார்கள். பிறந்த வீடு போதும்.

ரேகை வைத்தவன் குறித்த நேரத்தில் போலீஸ் முன்னால் ஆஜராக வேண்டும். பல ஊர்களில் இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 3 மணிக்கு ஒரு முறை. சில இடங்களில் ஊர்ச் சாவடியிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க ஏர் பிடித்தவன் வீட்டில் படுத்துத் தூங்கக்கூட உரிமையில்லாமல், தூக்கக் கலக்கத்தோடு எழுந்து போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போக வேண்டுமா? கல்யாண வீட்டுக்கோ துஷ்டி வீட்டுக்கோ போக வேண்டுமா? ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று எழுதிக் கொடுத்த சீட்டு. போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் ஜெயில்.

புதிதாகக் கல்யாணமான பையனுக்கும் விலக்கில்லை, நரை விழுந்த தகப்பனுக்கும் விலக்கில்லை. மருமகள் பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் ராத்திரி எழுந்து ஸ்டேஷனுக்குப் போவார். அந்த வீட்டில் அடுத்த நாள் காலை எந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்?

1936 அக்டோபரில் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் வந்தார் ஜவஹர்லால் நேரு. அந்த ஆண்டு காங்கிரஸ் தலைவர் அவரே. நெல்லூரில் பேசியபோது இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு கூட்டத்தை மொத்தமாகப் பிறவிக் குற்றவாளி என்று முத்திரை குத்துவது நாகரிக நீதிக்கே பொருந்தாது, சட்டப் புத்தகத்திலிருந்து இது போக வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

அகில இந்தியத் தலைவரே சொல்லிவிட்டார். இனி என்ன சந்தேகம்?

* * *

மஞ்சள் பெட்டி

1937 பிப்ரவரி. சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல். காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. மாகாணம் முழுக்க ஒரே பேச்சு, ஓட்டு மஞ்சள் பெட்டிக்கே.

இராமநாதபுரம் தொகுதியில் மஞ்சள் பெட்டிக்காரர் முத்துராமலிங்கத் தேவர். எதிரில் நின்றவர் இராமநாதபுரம் ராஜா, சண்முக ராஜேஸ்வர சேதுபதி.

சேதுபதி என்றால் அந்தச் சீமையில் வெறும் பணக்காரர் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்த பெயர். எதிர்த்து நிற்பதையே பாவம் என்று நினைக்கக்கூடிய பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

தேவருக்கு 11,942 ஓட்டு. ராஜாவுக்கு 6,057.

இந்த எண்களுக்குள் ஒரு வேதனை ஒளிந்திருக்கிறது. அன்று எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டியவர், சொத்து உள்ளவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று சல்லடை போட்டுச் சலித்த பட்டியல் அது. சாவடியில் இரவைக் கழித்த பலருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஓட்டுப் போடாமலே அந்த வெற்றியை அவர்கள் தங்கள் வெற்றியாக நினைத்தார்கள்.

மாகாணம் முழுக்க நீதிக்கட்சி சரிந்தது. 215 இடங்களில் காங்கிரஸ் 159. சாத்தூரில் காமராஜர் போட்டியின்றி உள்ளே போனார்.

தமிழில் ஓட்டுக்கும் வாக்கு என்றுதான் பெயர், கொடுத்த சொல்லுக்கும் வாக்கு என்றுதான் பெயர். 1937-ல் அந்த மஞ்சள் பெட்டியில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

* * *

காத்திருப்பு

1937 ஜூலை 14. ராஜாஜி பிரதமராகப் பொறுப்பேற்றார். அன்று மாகாண முதலமைச்சருக்குப் பிரதமர் என்றே பெயர்.

புது சர்க்கார் சும்மா இருக்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும். அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1938-ல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் வந்தது. கடனில் மூழ்கிய குடியானவனுக்கு அது உண்மையான மூச்சு.

ஆனால் ரேகைச் சட்டம்?

ஒரு மாதம் போனது. ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. சட்டப் புத்தகத்தில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. சாவடிக்குப் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

காங்கிரஸ் எதிர்க்கட்சியாக இருந்தபோது அடக்குமுறைச் சட்டங்கள் என்று சாடியவற்றுள் ஒன்று கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது ராஜாஜி சர்க்கார் அதே சட்டத்தை எடுத்து வீசியது. மறியல்காரர்களோடு உடன்படாத காங்கிரஸ்காரர்களுக்குக்கூட அது தொண்டையில் சிக்கிய முள்ளாயிற்று.

தேவருக்கு முள் வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. மதுரையின் ஆலைகள்.

கிராமத்தில் ரேகைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்களில் பலர் மதுரை ஆலைகளில் கூலிகளாக இருந்தார்கள். அவர்களுக்காகச் சங்கம் கட்டியவர்களில் தேவரும் ஒருவர். ப. ஜீவானந்தத்தோடு ஒரே மேடையில் நின்று தொழிலாளர் பக்கம் பேசினார். 1938-ல் மதுரைப் பின்னலாடை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தேவர் அவர்களோடு நின்றார்.

கைது செய்தார்கள். சிறையில் போட்டார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். சிறை அவருக்குப் பெரிய காரியம் இல்லை. இருந்த சர்க்கார்தான் காரியம். மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டு எந்த ஆட்சியைக் கொண்டுவந்தாரோ, அந்த ஆட்சி நடக்கும்போது சிறை. ஆளும் கட்சியின் சட்டசபை உறுப்பினர் தன் கட்சி ஆட்சியிலேயே கைதியானார். சமரசம் ஏற்பட்டு 1938 அக்டோபர் 15-ல் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் ராஜினாமாக் கடிதம் எழுதினாரா? இல்லை. கட்சியிலேயே இருந்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. ஒரு கட்சியில் வருடக்கணக்காக ஊறியவருக்கு அது சொந்த வீடு மாதிரி. கூரை ஒழுகினால் பாத்திரம் வைப்பார், சுவர் விரிந்தால் சாந்து பூசுவார். தன் வார்த்தையை நம்பி வந்த ஆயிரம் பேரிடம் போய், நான் சொன்னது நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது, சிறைக்குப் போவதைவிடக் கடினம்.

* * *

1939: மூன்று மாதங்கள், இரண்டு ஊர்கள்

அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று திருப்பங்கள்.

மார்ச். திரிபுரி.

அதற்கு முன், ஜனவரி 29-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தல் முடிவு வந்திருந்தது. சுபாஷ் சந்திர போஸ் 1,580. பட்டாபி சீதாராமையா 1,377. பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தியடிகள் அறிவித்தார். மார்ச்சில் திரிபுரியில் மாநாடு கூடியபோது, தலைவர் தன் காரியக் கமிட்டியைக் காந்தியின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்று கோவிந்த வல்லப பந்த் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. காய்ச்சலில் படுத்தபடி போஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவர் அங்கே போஸின் பக்கம் இருந்தார்.

ஓட்டில் ஜெயித்தவரைக் கட்டிப்போடுகிறார்கள் என்பதை நேரில் கண்டார். தன் ஜில்லாவில் இரண்டு வருடமாகப் பார்த்துவந்ததன் பெரிய வடிவம் அது. மக்கள் ஒன்றுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், மேலே இருப்பவர்கள் வேறொன்றைச் செய்கிறார்கள். ஏப்ரல் 29-ல் போஸ் ராஜினாமா செய்தார். மே 3-ல் பார்வர்டு பிளாக் பிறந்தது, காங்கிரஸுக்கு உள்ளேயே ஓர் அணியாக. தேவர் அதில் சேர்ந்தார்.

ஜூலை. மதுரை.

8-ஆம் தேதி, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்தக் குழுவில் ஒருவர். எதிர்ப்பும் மிரட்டலும் சூழ்ந்திருந்த அந்த வேளையில் ஆலயப் பிரவேசத்துக்கு ஆதரவாகத் தேவர் நின்றார்.

இதை மறக்கக்கூடாது. திரிபுரியில் மனம் உடைந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் காங்கிரஸ் செய்த நல்ல காரியத்துக்குத் தோள் கொடுத்தார். இந்தத் தொடருக்கு இந்த ஜூலை 8 மறுபடி தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர். மறுபடி மதுரை.

6-ஆம் தேதி. ஐரோப்பாவில் போர் மூண்டு சில நாட்களே ஆகியிருந்தன. தேவர் அழைத்து சுபாஷ் மதுரைக்கு வந்தார். திரண்ட கூட்டம் பெரிது. அதிகாரபூர்வக் காங்கிரஸ் ஒதுக்கிவைத்த தலைவரை மதுரை கொண்டாடியது. அன்று முதல் தேவரின் அரசியலில் இரண்டு கட்சிகள் ஒரே உடம்பில் வாழத் தொடங்கின. கையில் காங்கிரஸ் உறுப்பினர் சீட்டு, மனத்தில் பார்வர்டு பிளாக்.

அக்டோபர் இறுதியில், இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்ததைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. ராஜாஜியின் இருபத்தேழு மாத ஆட்சி முடிந்தது.

ரேகைச் சட்டம் அப்படியே இருந்தது.

* * *

கடைசி நூல்

1940 முதல் 1945 வரை தேவரின் வாழ்க்கையைச் சிறை விழுங்கிவிட்டது. திருச்சி, பிறகு மத்திய மாகாணத்தின் தாமோ. வெளியே விடுவார்கள், வாசலிலேயே மறுபடி பிடிப்பார்கள். 1945 செப்டம்பரில் முழுமையாக விடுதலையானபோது உலகமே மாறியிருந்தது. போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்திருந்தது. தேவர் அதைக் கடைசிவரை நம்பவில்லை.

இதற்குப் பிறகாவது காங்கிரஸை விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள்.

1946 தேர்தலில் முதுகுளத்தூரில் அவர் நின்றது காங்கிரஸ் வேட்பாளராக. எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அறுந்துபோகும் கயிற்றில் கடைசியாக ஒரு நூல் தாக்குப்பிடிக்கும். சுதந்திரம் வரப்போகிறது, அது காங்கிரஸ் வழியாகத்தான் வரப்போகிறது என்ற நிலையில், வெளியே நிற்பது எளிதில்லை. இன்னொன்றும் மிச்சம் இருந்தது. சட்டசபையில் முடிக்க வேண்டிய பழைய வேலை.

1947-ல் அது முடிந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் உள்துறையைக் கவனித்த டாக்டர் பி. சுப்பராயன் காலத்தில், சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுக்க அது நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை ஆயிற்று.

காங்கிரஸ் வாக்கைக் காப்பாற்றியது. பத்து வருடம் கழித்து.

மஞ்சள் பெட்டிக்கு ஓட்டு விழுந்த வருடம் பிறந்த குழந்தைக்கு அப்போது பத்து வயது. அதன் குழந்தைப் பருவம் முழுக்க, அப்பா ராத்திரி எழுந்து போவதைப் பார்த்தே கழிந்திருந்தது. அடுத்த வருடமே, 1948-ல், வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் சென்னையில் வந்தது. சாதியைச் சொல்லாமல் ஆளைக் குறிவைக்கும் சட்டம். பழைய மை விரலிலிருந்து முழுதாக அழியாத உணர்வு பல ஊர்களில் தங்கிவிட்டது. இன்றும் பள்ளிச் சான்றிதழில் சீர்மரபினர் என்ற சொல்லைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அந்தச் சொல்லின் அடியில் இருப்பது இந்த வரலாறு.

1948-ல் காங்கிரஸ் தன் விதிகளைத் திருத்தியது. தனி அமைப்பும் தனிக் கொள்கையும் வைத்துக்கொண்டு கட்சிக்குள் இருக்கக் கூடாது என்றது. சோஷலிஸ்டுகள் வெளியேறினார்கள். பார்வர்டு பிளாக்கும் எல்லாத் தொடர்பையும் முறித்துக்கொண்டது.

முத்துராமலிங்கத் தேவர் அதன் தமிழ்நாட்டுத் தலைவரானார். கடைசி நூலும் அறுந்தது.

இதில் யார் தவறு? கோட்டையில் இருந்தவர்களுக்குத் தங்கள் நியாயம் இருந்தது. நூறு வேலைகள், பிரிட்டிஷ் கவர்னரின் கீழ் நடந்த அரைகுறை ஆட்சி, இடையில் ஒரு உலகப்போர். ஆனால் சாவடியில் படுத்தவனுக்கு அந்த நியாயம் எட்டாது. அவனுக்கு எட்டியது ஒருவரின் குரல்தான். அந்தக் குரலுக்குரியவர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பத்து வருடம் நின்றார். அந்தப் பத்து வருடமே அவரைக் காங்கிரஸிலிருந்து பிரித்தது. விதித் திருத்தம் அந்தப் பிரிவுக்குத் தேதி மட்டும் குறித்துக் கொடுத்தது.

* * *

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர்

விட்டுக்கொடுத்த நாற்காலிக்காரர் என்ன ஆனார்?

குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரானார். ராஜபாளையம் கோட்டையைப் பிடித்த நாள் அது. ஆனால் 1952-ல், எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்த முதல் பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருந்த அவரே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பின்பு ஒரிசாவில் கவர்னரானார். ராஜபாளையத்தில் தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். 1957 மார்ச்சில் காலமானார்.

அதே 1952 தேர்தலில் தேவர், அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி, முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதி இரண்டிலும் வென்றார். 1957-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், முதுகுளத்தூர் இரண்டிலும்.

1937-ல் மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டவர், இருபது வருடம் கழித்து, இரட்டைக்காளைச் சின்னம் ஒட்டிய பெட்டியில் போடாதீர்கள் என்று கேட்டு ஜெயித்தார். இந்த முறை சாவடியில் படுத்தவனுக்கும் ஓட்டு இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு முதுகுளத்தூரை விட்டார். அங்கே இடைத்தேர்தல். 1957 ஜூலை 1-ல் வாக்குப்பதிவு. பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார்.

ஆனால் அந்த இடைத்தேர்தல் சாதாரணமானதாக இல்லை. முதுகுளத்தூர்ச் சீமையில் இன்னொரு மக்கள் கூட்டம் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்ட மறுத்தார்கள். தாழ்ந்து பேச மறுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டது காங்கிரஸுக்கு. அவர்களை ஒன்றுதிரட்டியவர்களில் முன்னால் நின்றவர் செல்லூர் கிராமத்து இளைஞர் ஒருவர். ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வயது முப்பத்திரண்டு. பெயர் இம்மானுவேல் சேகரன்.

பிறப்பை வைத்து மனிதனை இழிவாக்காதே என்று சொல்லி 1929 முதல் போராடியவர் தேவர். அந்த வாக்கை மறந்ததற்காகத் தன் கட்சியையே துறந்தவர். 1939 ஜூலை 8-ல் கோயில் கதவு திறக்கத் துணை நின்றவர். இப்போது அதே கோரிக்கை அவருடைய சீமையிலேயே, அவருடைய கட்சிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்தது.

செப்டம்பர் 10-ஆம் தேதி, முதுகுளத்தூரில் அதிகாரிகள் அமைதிக் கூட்டம் கூட்டினார்கள். இரு தரப்பையும் அழைத்தார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் வந்தார். செல்லூர் இளைஞரும் வந்தார்.

இருவரும் ஒரே மேசையில் சமமாக உட்கார முடியுமா?

(தொடரும்)